குளவிக்கு வைத்த மீன்

வரட்டும். வராம எங்க போயிரும். பள்ளிக்கூடத்துல காலையில விசில ஊதிட்டு மைதானத்து நடுவுல நிப்பேன், பயலுவ முதல்ல ஒருத்தன் ரெண்டு பேரா வருவானுவ, கண்ண மூடித் திறக்கதுக்குள்ள லைன் லைனா நின்னுருவானுவ, அது மாதிரிதான் இந்தச் சனியன்களும். முதல்ல ஒண்ணு வரும், மோந்து பாக்கும், போகும், அப்புறம் கூட்டம். கட்டைச் சுவர் மேல தட்டு வச்சாச்சு, தட்டுல ஒரு பிடி சோறு, சோத்து மேல குழம்புல கிடந்த மீன் ரெண்டு துண்டு, எதிர்ல பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில நான், காலமெல்லாம் தூத்துக்குடி வெயில்ல நின்ன பி.டி. வாத்தியார் பொன்னுலிங்கம், இப்ப நியூசிலாந்துல மக வீட்டுக் கொல்லையில குளவிக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். வேணும் எனக்கு. தெருவுல டிரேசியோட வண்டி நிக்குது. இந்த ஊர்ல குளவி ஒழிக்கிற வேலை பாக்கிற வெள்ளக்காரப் பொம்பள, நல்ல மனுஷி, ஆள உசத்திக் காட்டுற பூட்ஸ் போட்டுக்கிட்டு மேட்டுலயும் பள்ளத்துலயும் ஆடு மாதிரி ஏறுதா. முதல்ல வெறும் தீனிக்கு வருதான்னு பாப்போம், நிறைய வந்தா மருந்து வைப்போம், வந்ததும் ஒரு சத்தம் குடுங்கன்னு சொல்லிட்டு வண்டியில உக்காந்து டீ குடிக்கா. என் முதுகுக்குப் பின்னாடி கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் என் மக சந்தனமாரி. திறந்தியோ தொலைச்சிருவேன்னு சொல்லியிருக்கேன். போன வாரம் துணி காயப்போட வந்தவள கழுத்துல குளவி கொட்டிச்சு, ஒண்ணே ஒண்ணுதான், சீ போன்னு தட்டி விட்டுட்டு சிரிச்சிக்கிட்டேதான் உள்ள வந்தா, கொஞ்ச நேரத்துல உதடு வீங்கி, கண்ணு மூடி, மூச்ச உள்ள இழுக்கா வெளிய விடத் தெரியல. ஆம்புலன்ஸ்காரன் தொடையில ஊசி குத்தின பிறகுதான் என் பிள்ளைக்கு மூச்சு திரும்புச்சு. ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, இன்னொரு தடவை கொட்டினா இவ்வளவு நேரங்கூடக் கிடைக்காதாம். அதான் இன்னிக்கு இந்தக் காரியம். குளவி வந்தாகணும், தின்னாகணும்.

ஆனா இந்தத் தட்டு குளவிக்குன்னு எடுத்த தட்டு இல்ல. எவர்சில்வர், விளிம்புல புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்கு, பொ. தங்கபுஷ்பம். என் பொண்டாட்டி. சீட்டு எடுத்த காசுல வாங்கினா, பாத்திரக்கடைக்காரன் டர்ருனு மெஷின வச்சு வெட்டும்போது பக்கத்துலயே நின்னு, கோணாம வெட்டுங்க அண்ணாச்சின்னு அவன் உயிர எடுத்தா, அப்படியும் கோணிப்போச்சு, ஊருக்கெல்லாம் கோணல் தட்டு புஷ்பம்னு நான் கேலி பண்ணுவேன். சோறு வடிச்சதும் முதல் பிடி காக்காய்க்கு. அதுக்கப்புறந்தான் எனக்கு. பசி உயிர் போகும், மைதானத்துல கத்திட்டு வந்திருப்பேன், இவ மொட்டை மாடியில நின்னு கா கான்னு ராகம் போடுவா. ஏட்டி, புருஷன் இங்க காஞ்சு கிடக்கேன், காக்காய்க்குத் தாம்பூலம் வச்சு அழைக்கியான்னு கேட்டா, உங்க அம்மா வந்து தின்னுட்டுப் போகட்டும், அதுவரைக்கும் நீங்க விசில் ஊதிக்கிட்டு இருங்கன்னுவா. ஒரு நாளாவது என் பேச்சக் கேட்டாளா? ஸ்கூலே என் விசிலுக்கு நடுங்கும், இவ ஒருத்திதான் ஊதுங்க ஊதுங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வெங்காயம் நறுக்குனவ. அந்த மனுஷி ஒரு சாயங்காலம், அருவாமனை முன்னால உக்காந்து விளமீன் நறுக்கிக்கிட்டு இருந்தவ, நெஞ்சு என்னமோ பண்ணுதுங்கன்னு சாதாரணமா சொன்னா, சொல்லிட்டு அப்படியே சுவத்துல சாஞ்சுட்டா. மீன் வாடை கையில அப்படியே இருந்துச்சு. குளிப்பாட்டின பிறகும் இருந்துச்சு.

பதினாறாம் நாள் கூத்த நினைச்சா இப்பவும் சிரிப்புதான் வருது, சிரிப்பு வந்தா பின்னாலயே அழுகையும் வருது. இலை போட்டு வடை பாயசம் அப்பளம் எல்லாம் வச்சு மாடியில வச்சோம், ஒரு காக்கா வரல. வயர்ல உக்காந்து பாக்குதுவ, இறங்க மாட்டேங்குதுவ. சொந்தக்காரங்க கீழ பந்திக்கு உக்காந்துட்டு எந்திரிக்கவும் முடியாம திங்கவும் முடியாம முழிக்காங்க. மனசுல குறை இருக்கு போலன்னு ஒருத்தி இழுக்கா. குறையாவது மண்ணாவது, எனக்குத் தெரியாதா என் புஷ்பத்த, மீன் இல்லாத சோத்த அவ சோறுன்னே சொன்னது கிடையாது. ஓடினேன், வேட்டிய மடிச்சுக்கட்டிக்கிட்டு அடுத்த தெருவுல ஒரு வீட்டுக் கதவத் தட்டி, பொரிச்ச மீன் ஒரு துண்டு குடுங்கம்மான்னு பிச்சை கேட்டேன், கொண்டுவந்து அப்பளத்துக்கு அடியில ஒளிச்சு வச்சேன். வச்ச கை எடுக்கல. தலைக்கு மேல தடதடன்னு வந்து விழுந்துச்சு பாரு, ஒண்ணு இல்ல, தெருக் காக்கா மொத்தமும். வந்துட்டா வந்துட்டான்னு கீழ சத்தம். அன்னிக்கு அவ வந்தாங்கிறதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. படிச்சவன்தான், ஆனாலும் கிடையாது.

இங்க வந்தா காக்காயே இல்ல. மாரி வந்து கூட்டிட்டு வந்துட்டா, அங்க தனியா என்னப்பா பண்ணப் போறீங்கன்னு, நானும் வேட்டிக்குள்ள தட்டச் சுத்தி வச்சுக்கிட்டு ஏரோப்ளேன் ஏறிட்டேன். நெல்சன்னு ஊரு, மலை, கடல், பச்சை, எல்லாம் இருக்கு, வானத்த அண்ணாந்து பாத்தா ஒரு காக்கா கிடையாது, இது என்ன ஊரு. கருப்பா ஒண்ணு புல்லுல தத்திக்கிட்டு வந்துச்சு, ஆஹா வந்துட்டா புஷ்பம்னு எந்திரிச்சேன், பாத்தா மஞ்ச மூக்கு, நம்ம சோத்த ஒரு பார்வை பாத்துட்டு மண்ணக் கொத்திப் புழுவ இழுத்துக்கிட்டுப் போயிட்டு. சிட்டுக்குருவி வரும், பருக்கை பருக்கையா பொறுக்கும், மீனத் தொடாது. மீனத் தொடாதது எப்படிப் புஷ்பமா இருக்கும். மருமகன் ஷிப்டுக்குப் போயிருவாரு, மாரி உள்ள கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருப்பா, நான் தினம் மத்தியானம் இந்தச் சுவர் மேல தட்ட வச்சுட்டு, யாருக்கும் கேக்காம, கா கா, வாட்டி புஷ்பம், வாட்டின்னு கூப்பிடுவேன். அப்பா குருவிக்குச் சோறு போடுதாருன்னு மாரி நினைச்சிக்கிட்டு இருக்கா. நினைக்கட்டும். அப்படியே போய்க்கிட்டு இருந்துச்சு, ஒரு நாள் டின் மீன் குழம்பு, கண்ணுக்கு முன்னால மஞ்சளும் கருப்புமா ஒண்ணு இறங்கிச்சு. சோத்துப் பக்கமே போகல. நேரா மீன். வாயால அறுக்குது, சின்னதா ஒரு துண்டு, அத முன்னங்கால்ல வச்சு உருட்டி உருட்டி உருண்டையாக்குது, அய்யோ, அப்படியே புஷ்பந்தான், முள்ளு எடுத்து மீன உதிர்த்து சோத்தோட பிசைஞ்சு மாரிக்கு உருண்டை பிடிப்பாளே, அதே விரல் வேலை. பறக்கும்போது உடனே போகல. தட்டப் பாத்து முகத்த வச்சிக்கிட்டு, இப்படி அப்படி வளைஞ்சு வளைஞ்சு, பின்னாலயே நகர்ந்துச்சு, வாசல்ல நின்னு ஊருக்குப் போறவ திரும்பித் திரும்பிப் பாப்பாளே, அப்படி. நேத்து டிரேசி வந்தப்ப இதக் கேட்டேன், அது இடத்த மனசுல பதிக்குது, அடுத்த தடவை நேரா வரும்னு சொன்னா. அவளுக்கு அது வேலை. எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சது வேற.

இந்தா வந்துட்டு. ஒண்ணு. எலுமிச்ச மரத்துப் பக்கம் இருந்துதான் வருது, எப்பவும் அந்த வழிதான், மரத்துக்கு அந்தாண்ட முள்ளுப் பழப்புதரு மண்டிக்கிடக்கிற சரிவு, அதுக்குள்ள மண்ணுக்கடியில கூடு. ஒரு கூடா ரெண்டு கூடா தெரியல, மனுஷன் இறங்க முடியாத சரிவு, அதனாலதான் தீனி வழியாவே மருந்து அனுப்பணும்னுட்டா டிரேசி. இது சாகிற காலம் இல்லையாம், பெருகுற காலமாம். கூட்டுல குஞ்சு நிறைஞ்சிருக்கு, குஞ்சுக்குக் கறியும் மீனும் வேணும், பெருசுக அத அறுத்துக் கொண்டுபோய் ஊட்டும், ஊட்டினதுக்குக் குஞ்சு வாயில இருந்து இனிப்பா ஒரு சொட்டு வரும், அத இது குடிக்கும். கேக்க நல்லா இருக்கு. நல்லா இருக்கதுதான் வினையே. மருந்து தின்ன குளவி அங்கயே விழுந்து சாகக் கூடாது, நல்லபடியா வீடு போய்ச் சேரணும், குஞ்சுக்கும் ராணிக்கும் கூடப்பிறந்ததுக்கும் வாய்க்கு வாய் கொடுத்துட்டுத்தான் சாகணும். பாசத்துல வைக்கிற நஞ்சு. எவன்டா கண்டுபிடிச்சான், விளங்குவானா அவன். இல்ல, விளங்கட்டும், என் பிள்ளை மூச்சு விடணும். நேத்து டிரேசி மஞ்சப் பெட்டி கொண்டுவந்து வேலியில அடிச்சா, உள்ள வெறும் தீனி, ஒண்ணு எட்டிப் பாக்கல, எல்லாம் என் தட்டுக்கே வந்துச்சு. அப்பத்தான் தட்டப் பாத்தா. எவ்வளவு நாளா வைக்கீங்கன்னு கேட்டா. ரொம்ப நாளான்னேன். முகமே மலர்ந்துட்டு. முதல்ல வெறும் தீனி வச்சுப் பழக்குறதுதான் இதுல பாதி வேலை, நீங்க பிரமாதமா பழக்கி வச்சிருக்கீங்கன்னு தோள்ல தட்டினா. வாத்தியார் நானு, எத்தனை பயலுவ தோள்ல தட்டியிருப்பேன். அந்தத் தட்டு எனக்குச் செருப்படி மாதிரி இருந்துச்சு. துணிக்கொடி இந்தா, கை நீட்டினா தொடலாம், இத்தனை குளவிய இங்க வரவழைச்சது யாரு. சவம், அத இப்ப நினைச்சு என்ன.

ரெண்டு, மூணு. வருதுவ. எந்திரிச்சு டிரேசியக் கூப்பிடணும், கால் எந்திரிக்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் வரட்டும். அவதான சொன்னா, நிறைய வரட்டும்னு. புஷ்பம் இருந்தா இதுக்கு விடுவாளா? விடவே மாட்டா. ஸ்கூல் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம், கல்யாணம் ஆகி வருஷம் ஓடிக்கிட்டே இருக்கு, பிள்ளை இல்ல, போகாத கோயில் இல்ல, யாராவது விசேஷம் உண்டான்னு கேட்டா அன்னிக்கு ராத்திரி சாப்பிட மாட்டா. அப்பத்தான் ஒரு குளவி, அது நம்ம ஊருக் குளவி, மண்ணுக் குளவி, இடுப்பு நூலு மாதிரி இருக்குமே அது, எங்க கட்டிச்சு தெரியுமா கூட்ட, சுவிட்சு போர்டு மேல. டியூப் லைட் சுவிட்சு மேலயே அப்பிட்டு. நான் ஸ்கேல எடுத்துட்டுப் போனேன் சுரண்ட. கைய நீட்டி குறுக்க நின்னுட்டா. குளவி கூடு கட்டின வீட்டுல தொட்டில் கட்டுவாங்க, தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்னு கத்துதா. கிறுக்கு, அது மண்ணு, லைட்டுப் போடாம எப்படி இருக்கதுன்னேன். இருட்டுல இருங்க, என்ன குறைஞ்சு போச்சுங்கா. இருந்தோம். அரிக்கேன் வெளிச்சத்துல சாப்பிட்டோம். பக்கத்து வீட்டு சயின்ஸ் வாத்தியார் கரண்டு பில்லு கட்டலியா சார்னு கேட்டாரு. அந்த வெளிச்சத்துல அவ முகம் எனக்கு இன்னமும் அப்படியே இருக்கு, மீன் முள்ள எடுத்து எனக்கும் உதிர்த்து வச்சுக்கிட்டு, ஓரக்கண்ணால போர்டப் பாத்துக்கிட்டு, குளவி ஒவ்வொரு பச்சைப் புழுவா கொண்டாந்து உள்ள வச்சு அடைக்கதப் பாத்து, பிள்ளைக்குச் சோறு கட்டி வைக்கா பாருங்கன்னு. அந்த இருட்டு மாதிரி ஒரு இருட்டு இனி எனக்கு எங்க கிடைக்கும். எத்தனை லைட்டு இருக்கு இந்த வீட்டுல, எத எப்படி அமத்தணும்னே தெரியல. கூட்டுல ஓட்டை விழுந்து குளவி பறந்து போன பிறகுதான் சுவிட்சப் போட விட்டா, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே வாந்தி எடுத்தா. அந்த மண்ணப் பொதிஞ்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தா, மாரிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தப்ப குழைச்சுத் தாடையில பூசினா. குளவி கொடுத்த பிள்ளைன்னுதான் சொல்லுவா. குளவி கொடுத்த பிள்ளைய குளவியே எடுக்கப் பாத்துச்சே புஷ்பம், இதுக்கு என்ன சொல்லுத. அது வேற இது வேறன்னு சொல்லுவியா. இது இந்த ஊருக் குளவியே இல்லையாம், எங்கயோ இருந்து கப்பல்ல சாமான்களோட வந்து இறங்கினதாம், வந்த இடத்துல எதிரி இல்ல, குளிரு கம்மி, பெருகிட்டு. அப்ப நம்மள மாதிரிதான்னு டிரேசிகிட்ட சொன்னேன், அவ சிரிக்கவா வேண்டாமான்னு தெரியாம நின்னா.

நேத்து இன்னொண்ணு கேட்டேன் அவகிட்ட. கேக்காம இருந்திருக்கலாம். ஒரு குளவி எவ்வளவு நாள் இருக்கும்? சில வாரம், அவ்வளவுதான்னா. ராணி மட்டும் குளிர்ல எங்கயாவது ஒளிஞ்சு கிடக்கும், மத்ததெல்லாம் போயிரும், வருஷா வருஷம் புதுக் கூடுன்னா. அப்ப முதல்ல வந்தது? அப்பவே போயிட்டு. அதுக்கப்புறம் வந்ததும் போயிட்டு. நான் இத்தனை நாளா வாட்டி வாட்டின்னு கூப்பிட்டதுக்கு யார் யாரோ வந்து தின்னுட்டுப் போயிருக்காங்க. ராத்திரி பூரா இதுலயே மனசு சுத்திச் சுத்தி நின்னுச்சு. பிறகு நினைச்சேன், காக்காயும் ஒரே காக்காயா வந்துச்சு? அதுவும் மாறி மாறித்தான வந்திருக்கும். வந்தவ வந்தா. யாரா வந்தா என்ன. இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கிட்டுக் கிடக்கேன், கேக்கதுக்கு ஒரு ஆள் இல்ல.

பின்னால கண்ணாடியில விரல் தட்டுற சத்தம். மாரிதான். திரும்பினேன். கழுத்துல இன்னும் அந்தத் தடிப்பு போகல, அங்க இருந்தே கைய விரிச்சுக் காட்டி, போதும்பா, நிறைய வந்துட்டுங்கா. வந்துட்டுதான். தட்டே தெரியல, மஞ்சளும் கருப்புமா மொய்க்குது. பாத்தா என் பிள்ளையோட தொண்டை அடைச்ச சத்தம் காதுல கேக்குது, அந்த ஈஈன்னு இழுத்த சத்தம், எந்திரிச்சிட்டேன். டிரேசின்னு ஒரு குரல் விட்டேன், மைதானக் குரல், தெருவே திரும்பியிருக்கும். அவ கையுறைய மாட்டிக்கிட்டு டப்பாவத் தூக்கிட்டு வாரா. தட்ட எடுத்துருங்க, அதே இடத்துல மருந்துப் பெட்டிய வைப்போம்னா. எடுத்தேன். மெதுவா, ஆட்டாம, அதுக என் கையச் சுத்துதுவ, ஒண்ணும் செய்யல, பழகின கை. பெட்டிய வச்சா. வெறும் சுவத்தச் சுத்துதுவ, பெட்டியத் தாண்டி, தட்டு எங்க தட்டு எங்கன்னு தேடுதுவ, பெட்டிக்குள்ள ஒண்ணும் நுழையல. நான் ஒரு பக்கமா தட்டோட நிக்கேன், அங்கயும் வருதுவ. டிரேசி உதட்டப் பிதுக்குதா. ரெண்டு மூணு நாள் பழக்கிப் பாப்போம்னா. மூணு நாளா? மூணு நாள் என் பிள்ளை கண்ணாடிக்குள்ள கிடக்கணுமா, கதவு இடுக்குல ஒண்ணு நுழைஞ்சா என்ன பண்ணுவ? தட்டு மேலயே வைங்க, தட்ட வச்சு அதுக்கு மேல பெட்டின்னேன். அவ தட்ட வாங்கிப் பாத்தா, விளிம்புல விரல வச்சு, இது என்ன எழுத்துன்னா. பேரு. யாரு பேரு? என் மனைவி. அவளுக்குப் புரிஞ்சிட்டு. இதுல மருந்து பட்டா திரும்ப சாப்பிட எடுக்க முடியாது, நான் கொண்டுபோயி அழிச்சிருவேன், சரியா, வேற தட்டு இருந்தா பாருங்களேன்னு மெதுவா சொல்லுதா. வேற தட்டு இருக்கு, மாரி அடுக்களையில அடுக்கு அடுக்கா இருக்கு. அதுக்கு இதுக வராது. நான் வைக்கேன்னு சொன்னேன். கையுறைய குடுத்தா. சோத்தையும் மீனையும் வழிச்சு மூடி போட்ட வாளியில போட்டுட்டு, தட்டச் சுவர் மேல அதே இடத்துல வச்சேன், பேர் எப்பவும் எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கமே வச்சேன், மேல பெட்டி. மருந்து பாத்தா அரைச்ச கருவாடு மாதிரி இருக்கு. வாடைகூட வாய்க்கு நல்லாத்தான் இருக்கு, அதுதான் கொடுமை.

வச்சுட்டு ஒரு எட்டு பின்னால வந்தேன். வந்ததும் வாய் தானாத் திறக்குது. பழக்கம். தட்ட வச்சா கூப்பிடணும், அவ்வளவுதான் வாய்க்குத் தெரியும், கா கான்னு முதல் சத்தம் தொண்டை வரைக்கும் வந்துட்டு, அப்பத்தான் பின்னால இருந்து பளார் பளார்னு கண்ணாடிய அடிக்கா மாரி. உள்ளங்கையால அடிக்கா. கண்ணாடிக்குள்ள இருந்து அவ போடுற சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர மாதிரி கேக்குது. அப்பா! கூப்பிடாதீங்க! இன்னிக்கு அம்மாவக் கூப்பிடாதீங்கப்பா! தெரியுமா இவளுக்கு? குருவிக்குன்னு நினைக்கான்னுல்ல இருந்தேன். தினமும் இந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. டின் மீன் தீரத் தீர யாரு வாங்கி வச்சா, நானா வாங்கினேன், எனக்குக் கடை எங்க இருக்குன்னுகூடத் தெரியாதே. அவதான். அவளும் அவ அம்மாவுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கா. கண்ணாடியில மூக்க அழுத்தி அழுதுக்கிட்டு நிக்கா, சின்னப் பிள்ளையில அழுத மாதிரியே வாயக் கோணிக்கிட்டு. இல்லம்மா, கூப்பிடலன்னு தலைய ஆட்டினேன். அவளுக்குக் கேட்டுச்சோ இல்லையோ. எலுமிச்ச மரத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, டிரேசி பக்கத்துல இருக்கான்னுகூடப் பாக்கல, வாய்விட்டே சொன்னேன், புஷ்பம், வராதட்டி, இன்னிக்கு மட்டும் வந்துராத, வேற எங்கயாவது போ. சொல்லி வாய் மூடல, ஒண்ணு சர்ருனு வந்துச்சு. தட்டு விளிம்புல உக்காந்துச்சு, பேர் மேலயே ரெண்டு நடை நடந்துச்சு, பெட்டிக்குள்ள போச்சு. என்னிக்கு என் பேச்சக் கேட்டா, இன்னிக்குக் கேக்க. வெளிய வரும்போது கால்ல உருண்டை. நேரா மரத்துக்கு மேல ஏறிச்சு, இந்தத் தடவை திரும்பிப் பாக்கல. அது வெறும் குளவின்னும் தெரியும், புஷ்பம்னும் தோணுது, அவளா இருந்தா தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போறா, மாரிக்காக. அவ செய்வா. மூச்சு முட்டுதுன்னு அவ பிள்ளை கிடந்தா அவ எதையும் திம்பா. போ தாயின்னு சொன்னேன். அதுக்குப் பின்னால ஒண்ணொண்ணா மத்ததும் பெட்டிக்குள்ள போக ஆரம்பிச்சுது, லைன் லைனா. கையுறையக் கழட்டி டிரேசிகிட்ட குடுத்துட்டு, நாற்காலியத் தூக்கிக்கிட்டு மாரி நிக்கிற கதவுப் பக்கம் போனேன்.